ஒரே வாசல், பல அடுப்புகள்: கடலுக்கு அடியில் கருவிகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

பெருந்துறைப் பக்கம் ஆவணி முகூர்த்த நாளில் ஏதாவதொரு மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெளிக் கொட்டகையில் விறகடுப்பு எரியும். சோறு வடிப்பது அங்கேதான். நடுவில் கேஸ் அடுப்புகளில் சாம்பாரும் ரசமும் கொதிக்கும். ஒப்புட்டு தட்டுகிற அம்மாக்கள் பந்திக் கூடத்தை ஒட்டியே தோசைக்கல்லைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மூன்று இடத்திலிருந்தும் பண்டம் போய்ச் சேரவேண்டியது ஒரே இடத்துக்கு: பந்திக் கூடத்தின் பின்வாசல். ஒரு ஆள் ஒரு குண்டாவோடு நுழைகிற அகலம்தான் அதற்கு. இரண்டு பையன்கள் ஒரே சமயத்தில் நுழைந்தால் தோளோடு தோள் இடிக்கும், சோறும் கொட்டும், சாம்பாரும் கொட்டும். இரண்டையும் அடுப்பிலிருந்து மறுபடி அனுப்பவேண்டும்.

கடலடியில் வைத்த உணரிக் கருவிகளுக்கும் இதே பாடுதான். ஒவ்வொரு அடுப்பும் ஒரு சென்சார். பின்வாசல் என்பது மேலே மிதக்கும் மிதவையின் காது. குண்டா தூக்கிக்கொண்டு ஓடுகிற பையன்தான் ஒலியாகப் போகும் செய்தி. எல்லோருக்கும் பொதுவான தண்ணீர் ஒன்றே. அதில் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் தெளிவாகக் கேட்கும். யார் எப்போது பேசுவது என்று முறை வைப்பதுதான் அலைவரிசைப் பகிர்வு. தரையில் வைஃபைக்கும் செல்போனுக்கும் இந்த முறையை எப்போதோ ஒழுங்கு செய்துவிட்டார்கள். தண்ணீருக்குள் அது இன்னும் கடினமான கணக்காகவே இருக்கிறது. காரணம் ஒன்றுதான்: இந்தப் பையன் மிக மெதுவாக ஓடுகிறான்.

ரேடியோவைப் பயன்படுத்தினால் என்ன? உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். வைஃபை அலை கடல்நீரில் சில சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் மட்டும் கொஞ்சம் இறங்கும். அதற்காகத்தான் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் 1990 முதல் இயங்குகிறது. நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப 400 மீட்டருக்கும் உயரமான கோபுரங்களை அங்கே நட்டிருக்கிறார்கள். அப்படியும் அந்த அலை எட்டுவது கடலின் மேல் அடுக்கை மட்டுமே. கீழேயிருந்து பதில் சொல்லவும் வழியில்லை. கைப்பிடி அளவு சென்சாருக்கு அப்படியொரு கோபுரம் எங்கே கட்டுவது? நீலப் பச்சை ஒளி தெளிந்த தண்ணீரில் சில பத்து மீட்டர் போகும், கலங்கினால் அதுவும் போச்சு. கிலோமீட்டர் கணக்கில் போகக்கூடியது ஒலி மட்டுமே.

அந்த ஒலி கடலில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம் என்று மகிழலாம். ஆனால் ரேடியோ நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். இரண்டுக்கும் இடைவெளி 2 லட்சம் மடங்கு. 1,500 மீட்டர் தள்ளியுள்ள இரண்டு கருவிகளுக்கு நடுவே ரேடியோ செய்தி 5 மைக்ரோநொடியில் போய்விடும்; அனுப்புவதும் சேர்வதும் ஒரே கணம் என்றே வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் அதே தூரத்துக்கு முழுசாக ஒரு நொடி. ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கவே அரை நொடி, ஒரு நொடி ஆகிற இடத்தில், வழியில் கழிகிற நேரமும் அவ்வளவே ஆகிவிடுகிறது. மற்ற எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

மண்டபத்துக்கே வருவோம். சோற்று அடுப்பு வாசலிலிருந்து அறுபது எட்டு தள்ளி, சாம்பார் முப்பது எட்டு, ஒப்புட்டு பத்து எட்டு. மூன்று பையன்களும் ஒரே நொடியில் கிளம்பினால் மோதல் நடக்குமா? நடக்காது. ஒப்புட்டு முதலில் நுழையும், பிறகு சாம்பார், கடைசியில் சோறு. இப்போது மாற்றிப் பாருங்கள். சோறு முதலில் கிளம்புகிறது. அது பாதி வழி வந்ததும், நல்ல இடைவெளி விட்டுத்தான், சாம்பார் கிளம்புகிறது. இரண்டும் வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொள்ளும். ஆக, கிளம்பிய நேரத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. சேரும் நேரம்தான் கணக்கு. அந்தச் சேரும் நேரமோ இடத்துக்கு இடம் மாறும்: அதே இரண்டு செய்திகள் ஒரு கருவியின் காதில் மோதும், இன்னொரு கருவியின் காதில் தனித்தனியாகத் தெளிவாய் விழும். ஆராய்ச்சியாளர்கள் இதை இட நேர நிச்சயமின்மை என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். தரையில் நேரத்தை மட்டும் பார்த்தால் போதும். தண்ணீரில் நேரத்தோடு தூரத்தையும் சேர்த்துப் பார்க்காதவர் தோற்றுப்போவார்.

தரையில் செல்லுபடியான முறைகளை இங்கே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் எது எங்கே உடைகிறது என்று தெரியும்.

மிக எளிய முறை, யோசிக்காமல் அனுப்புவது. கொட்டினால் மறுபடி அனுப்பு. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு தீவுகளுக்கிடையே கணினிகளை ரேடியோவால் இணைத்தபோது செய்தது இதைத்தான். அதற்கு அலோஹா என்று பெயர். இதில் அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகும். எல்லோரும் மணியடித்ததும் மட்டுமே கிளம்பவேண்டும் என்று விதி வைத்தால் அது இரண்டு மடங்காகி 37 சதவீதத்தைத் தொடும். தரையில் இது பெரிய லாபம். தண்ணீரில் அந்த லாபம் கரைந்துபோகும். எல்லா அடுப்பும் மணிக்குச் சரியாகக் கிளம்பினாலும் வாசலுக்கு வருவது முன்னே பின்னேதான். போன மணிக்குக் கிளம்பிய சோறும் இந்த மணிக்குக் கிளம்பிய ஒப்புட்டும் ஒன்றாக வந்து நிற்கும். மணிக்கும் மணிக்கும் நடுவே கூடுதல் இடைவெளி விட்டால்தான் கொஞ்சம் மீளலாம்.

அடுத்த முறை, பேசுமுன் காது கொடுத்துக் கேட்பது. வைஃபை இப்படித்தான் நடந்துகொள்கிறது. சாம்பார் மாஸ்டர் எட்டிப் பார்க்கிறார், கண்ணுக்கு எட்டியவரை யாரும் இல்லை. "போ கண்ணு, வழி காலியாத்தான் இருக்குது" என்று பையனை அனுப்புகிறார். ஆனால் கொட்டகைப் பக்கத்துச் சந்தில் சோற்றுக் குண்டா ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருக்கிறது. சந்து திரும்பும்வரை அவருக்குத் தெரியாது. கடலில் 3 கிலோமீட்டர் தள்ளியுள்ள கருவி இரண்டு நொடிக்கு முன் பேசியது இப்போதுதான் உங்கள் காதில் விழும். இந்தக் கணத்தில் கேட்கிற அமைதி, இரண்டு நொடிக்கு முந்தைய அமைதி. அதை நம்பிப் பேசுவதில் பொருளில்லை.

சரி, அனுமதி கேட்டு அனுப்பலாமே? முதலில் ஒரு சின்னப் பையனை வெறுங்கையோடு விட்டு, "வரலாங்களா?" என்று கேட்கச் சொல்வது. பந்தி விசாரிக்கிறவர் "வரச் சொல்லு" என்றதும் அவன் திரும்பி ஓடிவருவான். பிறகு குண்டா போகும். போய்ச் சேர்ந்தது என்று சொல்ல இன்னொருவன் வருவான். 3 கிலோமீட்டர் தூரத்துக்கு இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். கேட்க 2 நொடி, பதிலுக்கு 2, செய்தி போக 2, பற்றுச்சீட்டு வர 2. ஒரு நொடிச் செய்திக்காக எட்டு நொடி வழியிலேயே போய்விட்டது. ஆனால் மோதல் குறையும். அதனால் மார்சல் மொலின்ஸ், மிலிகா ஸ்டோயனோவிச் இருவரும் 2006இல் முன்வைத்த முறை இந்த அனுமதிக் கேள்வியையும் நேரத் துண்டுகளையும் சேர்த்துக் கட்டியது. துண்டின் நீளத்தை, ஒலி கடக்கவேண்டிய மிக நீண்ட தூரத்துக்கு ஆகும் நேரத்தை வைத்து முடிவு செய்தார்கள். நேரம் விரயம்தான். ஒருமுறை அனுமதி வாங்கிவிட்டு, ஒரே குண்டாவோடு நிறுத்தாமல் வரிசையாகப் பத்து குண்டா அனுப்பினால் விரயம் தாங்கக்கூடியதாகிவிடும். என் பார்வையில், அவசரமில்லாத தரவைத் திரட்டும் வலைப்பின்னலுக்கு இன்றும் நியாயமான வழி இதுவே.

மோதலில் கொட்டுவது நேரம் மட்டுமல்ல, மின்சாரமும்தான். கடலடிக் கருவிக்கு யார் போய் பேட்டரி மாற்றுவது? நீருக்குள் பேச வாட் கணக்கில், தூரம் கூடினால் பத்துக்கணக்கான வாட் வேண்டும். கேட்பதற்கு அதில் மிகச் சிறு பங்கு போதும். கொட்டிய ஒவ்வொரு குண்டாவும் கருவியின் ஆயுளிலிருந்து ஒரு பங்கைக் கழிக்கிறது.

அப்படியானால் ஆளுக்கொரு நேரம் என்று அட்டவணை போட்டுவிடலாம். 10.00க்குச் சோறு, 10.05க்குச் சாம்பார். எளிமையானது, மோதலே இல்லாதது. ஆனால் அதற்கு எல்லா அடுப்பின் கடிகாரமும் ஒன்றாக ஓடவேண்டும். கடலடிக்கு ஜி.பி.எஸ். வராது. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 0.86 நொடி விலகும். ஒலியின் நடையில் அது 1,300 மீட்டர். ஒரு வாரத்தில் அட்டவணை குலைந்துவிடும். ஒலியின் வேகமும் நிலையாக இருப்பதில்லை. தண்ணீரின் வெப்பம், உப்பு, ஆழம் மூன்றும் அதை மாற்றும். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் கூடும். போதாததற்கு நீரோட்டம் கருவியையே நகர்த்தும். அதனால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே காலி நேரம் விட்டே ஆகவேண்டும். கருவிகள் பரந்து கிடந்தால் அந்தக் காலி நேரமே செய்தி நேரத்தை மிஞ்சிவிடும்.

வாசலையே இரண்டாகத் தடுத்துவிட்டால்? அதாவது அதிர்வெண்ணைப் பங்கு போடுவது. தரையில் பண்பலை வானொலி நிலையங்கள் அப்படித்தான் ஒன்றையொன்று தொடாமல் இயங்குகின்றன. தண்ணீரில் பங்கு போட அவ்வளவு அகலம் இல்லை. அதிர்வெண் கூடக்கூட நீர் ஒலியை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். கப்பல் இரைச்சல் கீழ்ப்பக்கத்தை அடைத்துக்கொள்ளும். வெப்பமண்டலக் கரையோரங்களில் கொடுக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் சிறு இறால்கள் மேல்பக்கத்தை இரைச்சலால் நிரப்பும். நேட்டோ நாடுகள் 2017இல் ஏற்ற ஜானஸ் என்ற நீரடித் தொடர்பு விதிமுறை 11.52 கிலோஹெர்ட்ஸை நடுவில் வைத்து ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்குகிறது; வேகம் நொடிக்கு 80 பிட். வைஃபையின் ஒரே சேனல் அதைவிடச் சுமார் 5,000 மடங்கு அகலம். ஏற்கெனவே ஒரு குண்டா நுழையும் வாசலைத் தடுத்தால் டம்ளர்தான் நுழையும்.

ஆளுக்கொரு குறியீடு கொடுத்து எல்லோரையும் ஒரே சமயத்தில் பேசவிட்டு, பிறகு கணக்குப் போட்டுப் பிரித்தெடுக்கும் முறையும் உண்டு. மண்டபத்தின் வாசலில் அதற்கு ஒப்புமை கிடையாது. நடைமுறையில் அருகிலுள்ள கருவியின் உரத்த குரல் தொலைவிலுள்ளதன் மெல்லிய குரலை அமுக்கிவிடும். ஒவ்வொன்றும் தன் குரலை அளந்து தாழ்த்திக்கொள்ள வேண்டும். ஒலி போய்வரும் நேரம் அதிகமானதால் அந்த அளவும் காலங்கடந்தே கிடைக்கிறது.

இதுவரை தாமதம் எதிரியாகவே வந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது: தாமதத்தை ஒழிக்கப் பாடுபடுவதை விட்டுவிட்டு, அதைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களின் வேலை.

2008இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அஃபான் சையத், வெய் யே, ஜான் ஹைடமன் மூவரும் டி-லோஹி என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். குண்டா அனுப்புமுன் ஒவ்வொரு அடுப்பும் வெறுங்கையோடு ஒரு சின்னப் பையனை அனுப்பும். கருவியில் அது ஒரு குறுகிய ஒலித்துடிப்பு. ரேடியோவில் இப்படிச் செய்தால் எல்லாத் துடிப்பும் ஒரே கணத்தில் விழுந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். தண்ணீரில் தூரத்துக்கேற்ப ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. எனவே அவற்றை எண்ண முடிகிறது! இந்தச் சுற்றில் எத்தனை பேர் வாசலுக்குப் போட்டியிடுகிறார்கள் என்று ஒவ்வொரு அடுப்பும் தானே தெரிந்துகொண்டு, ஐந்து பேர் என்றால் அதிகமாகவும் இரண்டு பேர் என்றால் குறைவாகவும் விலகி நிற்கும். அதோடு, துடிப்பு வந்தால்தான் முழுதாக எழுப்பிவிடும் சிற்றுணரியை வைத்து, மற்ற நேரத்தில் கருவியை உறங்கவிட்டு பேட்டரியையும் காத்தார்கள். ஒலி மெதுவாகப் போவதாலேயே கிடைத்த வசதி இது.

இதைவிடத் துணிந்த முடிவு சிங்கப்பூரிலிருந்து வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மந்தார் சித்ரே, மெகுல் மோதானி, ஷிராஸ் ஷாஹாபுதீன் மூவரும் 2012இல் ஒரு கேள்வி கேட்டார்கள். எல்லோரும் தாமதத்தால் வரும் இழப்பைக் குறைக்கவே பார்க்கிறோம்; தாமதம் இருப்பதால் தரையைவிட அதிகமாகப் பேச முடியுமா? முடியும் என்பது விடை. ஒருவர் பேச்சு எல்லோருக்கும் கேட்கும் வலைப்பின்னலில், தாமதமே இல்லாவிட்டால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு செய்திதான் உருப்படியாகச் சேரும். தாமதம் இருந்தால், N கருவிகளுக்கு அந்த உச்சவரம்பு N/2 வரை போகலாம் என்று நிறுவினார்கள். அந்த வரம்பை எட்டக்கூடிய அமைப்புகளையும் காட்டினார்கள். நான்கு கருவிக்கு இரண்டு மடங்கு, ஆறுக்கு மூன்று மடங்கு.

எப்படி என்று புரிந்துகொள்ள இரண்டு கருவிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தியின் நீளம் ஒரு நொடி, நடுவே ஒலி போகும் நேரமும் ஒரு நொடி. இரண்டும் ஒரே கணத்தில் பேசத் தொடங்குகின்றன. இருவர் குரலும் தண்ணீருக்குள் எதிரெதிராகக் கடந்துபோகின்றன. கடக்கும்போது ஒன்றையொன்று கெடுத்துக்கொள்வதில்லை. இரண்டும் பேசி முடித்து வாயை மூடும் அதே கணத்தில் எதிர்ப்பக்கத்துச் செய்தி காதில் விழத் தொடங்குகிறது. ரேடியோவில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவருக்கும் ஒன்றும் கேட்காது. இங்கே வழியே இரண்டு செய்திகளைச் சுமந்து வைத்துக்கொள்ளும் கிடங்காகிவிட்டது. கருவிகள் கூடும்போது இன்னொரு நுட்பம் சேர்கிறது. பேசிக்கொண்டிருக்கும் கருவிக்கு எப்படியும் காது கேட்காது. ஆகவே எனக்கு வேண்டாத மற்றவர் பேச்செல்லாம், நான் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் என்மேல் வந்து விழுமாறு அட்டவணை போடவேண்டும். எனக்கான செய்தி மட்டும் நான் வாய் மூடிய நேரத்தில் வரும். மண்டபத்தில் நல்ல சமையல் மாஸ்டர் இதைத் தாளில் எழுதாமலே செய்கிறார்: சந்தில் எந்நேரமும் மூன்று குண்டா ஓடிக்கொண்டிருக்கும், வாசலில் எப்போதும் ஒன்றுதான்.

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் மற்றதற்கும் எத்தனை நொடித் தூரம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது அடிக்கடி மாறவும் கூடாது. நங்கூரமிட்ட கருவிகளுக்குப் பொருந்தும், நீந்தும் தானியங்கிகளுக்குக் கடினம்.

நம் கடலில் இந்தத் தொடர்புக்கு உயிர்ப் பொறுப்பே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. அதற்காகச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஆழ்கடலில் மிதவைகளை நிறுத்திவந்திருக்கிறது. கடல் தரையில் கிடக்கும் அழுத்தமானி தன் தலைக்கு மேலுள்ள நீரின் பாரத்தை ஓயாமல் அளக்கும். சுனாமி கடந்தால் அந்தப் பாரம் மாறும். அளவை ஒலி மோடம் வழியாக மேலே மிதவைக்கு அனுப்பும், மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். 3,000 மீட்டர் ஆழமென்றால் ஒலி ஏற இரண்டு நொடி. அங்கே பெரும்பாலும் ஒரு கருவி, ஒரு மிதவை. போட்டி இல்லாததால் முறை வைக்கும் தொல்லை குறைவு. ஒரே மிதவையின்கீழ் அழுத்தமானி, நீரோட்டமானி, சுற்றிவரும் தானியங்கி என்று கூட்டம் சேரும்போதுதான் மேலே சொன்னதெல்லாம் தேவைப்படும்.

ஆழம் குறைந்த இடம் இன்னொரு தொல்லை. ஒலி மேற்பரப்பிலும் தரையிலும் பட்டுப் பட்டு ஒரே செய்தி பலமுறை வந்து விழும். ஆழ்கடலுக்கு மனிதரை அனுப்பக் கட்டப்படும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை 2025 தொடக்கத்தில் சென்னையை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நனைத்துச் சோதித்தபோது, துறைமுகத்தின் ஆழம் போதாததால் நீரடிக் குரல்தொடர்பு சரியாக எடுபடவில்லை. ஆழமான நீரில் மேலும் சோதிக்கவேண்டும் என்று அரசே அறிவித்தது. எதிரொலி நீளும்போது, ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் விடும் இடைவெளியும் நீளவேண்டியிருக்கிறது.

சாயக்கழிவால் பெயர்கெட்ட ஒரத்துப்பாளையம் அணை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் இப்படியொரு வலைப்பின்னலைப் போட்டால் என்ன என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே என் எண்ணம். அவ்வளவு ஆழமில்லாத நீர்நிலையில் சென்சாரிலிருந்து ஒரு கம்பியை மேலே மிதவைக்கு இழுத்து, அங்கிருந்து ரேடியோவில் அனுப்புவது மலிவு, உறுதி. ஒலி மோடத்தின் இடம், கம்பி இழுக்க முடியாத ஆழமும் தூரமும்.

பெருந்துறையிலும் சுற்றுவட்டாரத்திலும் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீரடி வலைப்பின்னலைத் திட்டப்பணியாக எடுத்தால், தரைக்கு எழுதிய வைஃபை மாதிரியில் அலைவேகத்தை மட்டும் மாற்றிப்போட்டு வரைபடம் எடுக்காதீர்கள். சித்ரே குழுவின் யூனெட்ஸ்டாக் மென்பொருள் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கடலுக்குள் இறங்கும் மோடங்களில் ஓடுவதும் அதே மென்பொருள்தான். முதல் நாளே ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கருவியிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி என்று எழுதுங்கள். எந்த முறை பொருந்தும் என்பதை அந்தக் கட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.